வீட்டு அலங்காரப் பொருட்களின் சுங்க வகைப்பாடு

வீட்டு அலங்காரப் பொருட்களின் சுங்க வகைப்பாடு என்பது, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் சிலை, பூச்சாடி, சுவர் அலங்காரம், செயற்கைப் பூ, பண்டிகைத் தொங்கல் போன்றவை சுங்கத் தீர்வை அட்டவணையில் எந்த எண்ணின்கீழ் வரும் என்று முடிவு செய்யும் நடைமுறை ஆகும். அந்த எண்ணை வைத்தே தீர்வை விகிதம், இறக்குமதிக் கட்டுப்பாடு, உள்நாட்டு வரி ஆகியவை அமைகின்றன.

கடையில் ஒரே அலமாரியில் அடுக்கி வைக்கப்படும் இப்பொருட்களுக்குத் தீர்வை அட்டவணையில் பொதுவான ஒரு தலைப்பு கிடையாது. பெரும்பாலானவை அவை செய்யப்பட்ட மூலப்பொருளின்படி வெவ்வேறு அத்தியாயங்களுக்குப் பிரிந்து போகின்றன. சில மட்டும் எதனால் செய்யப்பட்டாலும் அவற்றின் பயனைக் கொண்டு ஒரே தலைப்பில் சேர்க்கப்படுகின்றன. மூலப்பொருளா, பயனா என்னும் இந்த இரு அளவுகோல்களுக்கு இடையில்தான் இத்துறையின் பெரும்பாலான வழக்குகள் எழுந்துள்ளன. சரக்கின் தோற்றத்தில் உள்ள சிறு வேறுபாடு, தீர்வையே இல்லாத நிலைக்கும் 10 விழுக்காடு அல்லது அதற்கும் மேற்பட்ட தீர்வைக்கும் இடையிலான வேறுபாடாக மாறிவிடுவது உண்டு.

எச்.எஸ். முறை

உலகின் பெரும்பாலான நாடுகள் பயன்படுத்துவது, பெல்ஜியத்தின் பிரசல்சு நகரில் இயங்கும் உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் ஒத்திசைவு முறை ஆகும். இது சுருக்கமாக எச்.எஸ். எனப்படுகிறது. இதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 1983இல் ஏற்கப்பட்டு, 1988 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 200க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இதைப் பின்பற்றுகின்றன. உலகச் சரக்கு வணிகத்தில் 98 விழுக்காட்டுக்கு மேல் இம்முறையில்தான் வகைப்படுத்தப்படுகிறது.

இந்தியாவில் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகு வணிகர்கள் விலைச்சிட்டையில் குறிப்பிடும் எச்.எஸ்.என். எண்ணும் இம்முறையிலிருந்து வந்ததே.

எண்ணின் அமைப்பு எளிமையானது. முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தைக் குறிக்கும். நான்கு இலக்கங்கள் சேர்ந்தால் தலைப்பு, ஆறு இலக்கங்கள் சேர்ந்தால் உட்தலைப்பு. ஆறு இலக்கங்கள் வரை எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்பப் பிரித்துக்கொள்ளலாம். இந்தியா எட்டு இலக்கங்களும் அமெரிக்கா பத்து இலக்கங்களும் பயன்படுத்துகின்றன. எனவே ஒரு பூச்சாடியின் முதல் ஆறு இலக்கங்கள் சென்னைத் துறைமுகத்திலும் நியூயார்க்கிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தீர்வை விகிதத்தை மட்டும் அந்தந்த நாடு முடிவு செய்யும்.

வகைப்படுத்தும் விதிகள்

எச்.எஸ். முறையில் ஆறு பொது விளக்க விதிகள் உள்ளன. இவற்றை வரிசை மாறாமல் பயன்படுத்த வேண்டும். முதல் விதி தீர்வு தராதபோதுதான் அடுத்ததற்குப் போகலாம்.

முதல் விதியின்படி, தலைப்பில் உள்ள சொற்களும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளுமே சட்டபூர்வமானவை. அத்தியாயத்தின் பெயர் தேடுவதற்கு வசதியாக வைக்கப்பட்டது மட்டுமே. இரண்டாம் விதி, முழுமை பெறாத அல்லது பிரித்துக் கட்டப்பட்ட சரக்கையும், பல பொருட்கள் கலந்த சரக்கையும் பற்றியது. மூன்றாம் விதி, ஒரு சரக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தலைப்புகளில் பொருந்தும்போது பயன்படுகிறது. அதில் மூன்று படிகள் உள்ளன:

- பொதுவான விவரிப்பைவிடக் குறிப்பான விவரிப்பு உள்ள தலைப்பைக் கொள்ள வேண்டும்.
- அதனால் முடிவாகாவிட்டால், சரக்குக்கு அதன் இன்றியமையாத தன்மையைத் தரும் பகுதி எதுவோ அதன் தலைப்பைக் கொள்ள வேண்டும்.
- அதுவும் முடிவு தராவிட்டால், பொருந்தும் தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதைக் கொள்ள வேண்டும்.

நான்காம் விதி எங்கும் பொருந்தாத சரக்கை அதற்கு மிக நெருக்கமானதோடு சேர்க்கச் சொல்கிறது. ஐந்தாம் விதி உறைகளையும் பொதிகளையும், ஆறாம் விதி உட்தலைப்புகளையும் பற்றியவை.

இவற்றுடன் உலகச் சுங்க அமைப்பு விளக்கக் குறிப்புகளை வெளியிடுகிறது. அவை சட்டத்தின் பகுதி அல்ல. ஆனாலும் நீதிமன்றங்கள் அவற்றுக்கு மதிப்புத் தருகின்றன. எச்.எஸ். முறையை ஒட்டி அமைந்த தீர்வை அட்டவணைக்குப் பொருள் காண அக்குறிப்புகள் பாதுகாப்பான வழிகாட்டி என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் வுட் கிராஃப்ட் புராடக்ட்ஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது.

மூலப்பொருளின்படி பிரிதல்

அலமாரியில் வைக்கும் ஒரு சிறிய யானை உருவத்தை எடுத்துக்கொண்டால் இம்முறை எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கும். வடிவம், அளவு, விலை, வைக்கும் இடம் எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும், மூலப்பொருள் மாறினால் தலைப்பும் மாறும்:

- பிளாஸ்டிக் யானை: 3926 (உட்தலைப்பு 3926.40, சிலைகளும் பிற அலங்காரப் பொருட்களும்)
- மர யானை: 4420
- காகிதக்கூழ் யானை: 48ஆம் அத்தியாயம்
- செதுக்கிய பளிங்கு அல்லது கருங்கல் யானை: 6802
- பாரிஸ் சாந்து யானை: 6809
- சுட்ட மண் அல்லது பீங்கான் யானை: 6913
- பித்தளை, இரும்பு போன்ற சாதாரண உலோக யானை: 8306

கண்ணாடி யானைக்கு இன்னும் ஒரு கேள்வி உண்டு. கண்ணாடிக் குச்சியை விளக்குச் சுடரில் உருக்கிக் கையால் வடித்ததாக இருந்தால் 7018. அச்சில் வார்த்ததாக இருந்தால், வீட்டு உள் அலங்காரத்துக்கான கண்ணாடிப் பொருட்களைக் கொண்ட 7013 பொருந்தும். இங்கு மூலப்பொருளோடு செய்முறையும் கணக்கில் வருகிறது.

ஒரே தலைப்புக்குள்ளும் பிரிவுகள் உண்டு. 6913இல் பீங்கான் ஓர் உட்தலைப்பு, மற்ற சுடுமண் வகைகள் இன்னோர் உட்தலைப்பு. மரச் சிலைகளுக்கு 2022 பதிப்பிலிருந்து வெப்பமண்டல மரம், பிற மரம் என்ற பிரிவு சேர்ந்துள்ளது. ஆகவே விலைச்சிட்டையில் 'அலங்காரப் பொருள்' என்றோ 'பரிசுப் பொருள்' என்றோ மட்டும் எழுதியிருந்தால், அதைக் கொண்டு எந்த எண்ணையும் தீர்மானிக்க முடியாது.

அலங்காரமா, பயன்பாட்டுப் பொருளா

மூலப்பொருள் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சும். பீங்கான் தட்டு உண்பதற்கா, சுவரில் மாட்டுவதற்கா? உண்பதற்கென்றால் 6911 அல்லது 6912, அலங்காரத்துக்கென்றால் 6913. உலோகக் கிண்ணம் சமையலறைக்குரியது என்றால் 7323, 7418 போன்ற தலைப்புகள். அலங்காரத்துக்குரியது என்றால் 8306.

வாங்குபவர் அதை என்ன செய்யப் போகிறார் என்று ஊகிக்காமல், பொருளின் அமைப்பைப் பார்க்கும்படி விளக்கக் குறிப்புகள் கூறுகின்றன. எந்தப் பயன்பாடும் இல்லாத முழு அலங்காரப் பொருளும், வேறோர் அலங்காரப் பொருளைத் தாங்கவோ கொண்டிருக்கவோ மட்டும் உதவும் பொருளும் அலங்காரத் தலைப்பில் வரும். பூச்சாடி இதனால்தான் அலங்காரப் பொருளாகிறது. அதன் வேலை பூக்களைத் தாங்குவது, பூக்களோ தாமே அலங்காரம்.

வீட்டுப் பயன்பாட்டு வடிவில் உள்ளவை அலங்காரத் தலைப்புக்கு வர வேண்டுமானால், அவற்றின் பயன்பாடு அலங்காரத் தன்மைக்குத் தெளிவாகக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும். புடைப்பு வேலைப்பாடு நிறைந்து, எதையும் வைக்க முடியாதபடி ஆகிவிட்ட தாம்பாளம் இதற்கு எடுத்துக்காட்டு. உண்மையில் பயன்படுத்த முடியாத அளவுக்குச் சிறிய குட்டிப் பாத்திரங்களும் அவ்வாறே. அழகிய ஓவியம் தீட்டப்பட்டிருந்தாலும், அதில் சோறு பரிமாற முடியுமானால் அது உணவுத் தட்டே.

தமக்கென்று தனித் தலைப்பு உள்ள பொருட்கள் அலங்காரமாகத் தோன்றினாலும் அந்தத் தலைப்புக்கே போகும். சுவர்க் கடிகாரம் எவ்வளவு சிற்ப வேலைப்பாடு கொண்டிருந்தாலும் 9105. சட்டமிட்ட கண்ணாடி முகம்பார்க்கும் ஆடி 7009. பித்தளைக் குத்துவிளக்கு, வரவேற்பறையில் ஏற்றப்படாமல் அழகுக்கு நின்றாலும், மின்சாரம் அல்லாத விளக்குகளுக்குரிய 9405.50இல் அடங்கும். மெழுகுவத்தித் தாங்கியும் 9405, மெழுகுவத்தி 3406.

நிழற்படச் சட்டங்களில் மரச் சட்டம் 4414, சாதாரண உலோகச் சட்டம் 8306.30. துணி வகைகளில் திரைச்சீலை 6303, பஞ்சு அடைத்த திண்டு 9404, அதன் உறை மட்டும் வந்தால் 6304.

செயற்கைப் பூக்கள்

செயற்கைப் பூ, இலை, பழம் ஆகியவற்றுக்கு 6702 என்ற தலைப்பு உண்டு. பிளாஸ்டிக், துணி, காகிதம் என எதனால் செய்திருந்தாலும் இதுவே தலைப்பு. மேலோட்டமாகப் பார்த்தால், எல்லாப் பூக்களும் இங்கே வரும் என்று தோன்றும். ஆனால் 67ஆம் அத்தியாயத்தின் குறிப்பு இதைச் சுருக்குகிறது.

கண்ணாடிப் பூ 70ஆம் அத்தியாயத்துக்குப் போகும். மண், கல், உலோகம், மரம் முதலியவற்றால் வார்ப்பு, செதுக்கல், அடித்தல் போன்ற முறைகளில் ஒரே துண்டாகச் செய்த பூக்களும் 6702இல் வராது. உறுப்புகளைக் கட்டியும் ஒட்டியும் ஒன்றுக்குள் ஒன்று செருகியும் உருவாக்கியவையே இத்தலைப்புக்கு உரியவை. துணி இதழ்களைக் கம்பியில் கட்டிய ரோசா 6702. அதே ரோசா ஒரே வார்ப்பாகச் செய்த இரும்பாக இருந்தால் 8306.

கலப்புப் பொருட்கள்

இன்றைய அலங்காரப் பொருட்களில் பெரும்பாலானவை ஒரே மூலப்பொருளால் ஆனவை அல்ல. பிரம்புக் கூடையில் செயற்கைப் பூக்கள் அடுக்கி விற்கப்பட்டால், வாங்குபவரைக் கவர்வது பூவா, கூடையா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பூக்களே இன்றியமையாத தன்மையைத் தருவதால் 6702 பொருந்தும். பூ பெயரளவுக்கே இருந்து, அழகாகப் பின்னிய கூடையே பொருளாக நின்றால் 4602 பொருந்தலாம். எடை, விலை, பரப்பு, பொருளின் வேலை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே முடிவு செய்யப்படுகிறது. எடை மட்டும் தீர்மானிப்பதில்லை.

சந்தையில் 'பாலிரெசின்' என்ற பெயரில் வரும் சிலைகள் இன்னொரு சிக்கல். பிளாஸ்டிக் பிசினோடு கல்தூள் கலந்து வார்க்கப்படும் இவற்றைக் கண்ணால் பார்த்து வகைப்படுத்த இயலாது. பிசின் முதன்மையானால் 3926, கல்தூளைப் பிசினால் பிணைத்த செயற்கைக் கல்லானால் 6810. இத்தகைய சரக்கில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் நிலை வரலாம். தயாரிப்பாளரிடமிருந்து கலவை விகிதச் சான்று முன்கூட்டியே பெற்றிருந்தால் காத்திருப்பு குறையும்.

விளக்கு பொருத்திய உருவங்களில், ஒளி தருவதே முதன்மையா, அல்லது சிலைக்கு ஒளி ஒரு துணையா என்ற கேள்வி எழும். முதல் வகை 9405ஐ நோக்கியும், இரண்டாம் வகை மூலப்பொருள் தலைப்பை நோக்கியும் செல்லும்.

பண்டிகைப் பொருட்கள்

மூலப்பொருளின்படி பிரிக்கும் முறைக்கு மிகப்பெரிய விதிவிலக்கு 9505 என்னும் தலைப்பு. பண்டிகை, களியாட்டம், பொழுதுபோக்குக்கான பொருட்களை இது உள்ளடக்கும். 9505.10 கிறிஸ்துமஸ் பொருட்களுக்கும் 9505.90 மற்றவற்றுக்கும் உரியவை. கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக், மரம் முதலிய அத்தியாயங்களின் குறிப்புகள் 95ஆம் அத்தியாயப் பொருட்களை வெளியே தள்ளுகின்றன. 70ஆம் அத்தியாயக் குறிப்பு கிறிஸ்துமஸ் மர அலங்காரங்களைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. எனவே ஒரு பொருள் பண்டிகைப் பொருள் என்று ஏற்கப்பட்டால், அது எதனால் செய்யப்பட்டது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும்.

செயற்கைக் கிறிஸ்துமஸ் மரம், இயேசு பிறப்புக் குடில், மரத்தில் தொங்கவிடும் உருண்டைகள், வண்ணத் தொங்கல்கள் ஆகியவை இத்தலைப்பில் வரும். விளக்கக் குறிப்புகளின்படி இதில் வராதவையும் உள்ளன:

- இயற்கையான கிறிஸ்துமஸ் மரம் (6ஆம் அத்தியாயம்)
- மெழுகுவத்திகள் (3406)
- மின்விளக்குச் சரங்கள் (9405)
- மரத்தை நிறுத்தும் தாங்கிகள் (மூலப்பொருளின்படி)
- துணிக் கொடிகளும் கொடித் தோரணங்களும் (6307)
- வழிபாட்டு இடங்களை அலங்கரிக்கும் வகையைச் சேர்ந்த சிலைகள்

பல நாடுகளில் பண்டிகைப் பொருளுக்குத் தீர்வை குறைவு, அல்லது இல்லை. இதனால் 'பண்டிகைப் பொருள்' என்னும் சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பது பணத்தோடு தொடர்புடைய கேள்வியாயிற்று. இக்கேள்வி மிக விரிவாக வாதிடப்பட்டது அமெரிக்காவில்.

அமெரிக்க வழக்குகள்

அமெரிக்க அட்டவணையில் 9505இல் அடங்கும் பண்டிகைப் பொருட்களுக்கு அடிப்படைத் தீர்வை இல்லை. பீங்கான் அல்லாத சுடுமண் குவளைக்கு 10 விழுக்காடும், செயற்கை இழைப் பின்னலாடைகள் பலவற்றுக்கு 32 விழுக்காடும் உண்டு. நாடுவாரியாக விதிக்கப்படும் கூடுதல் தீர்வைகள் இவற்றுக்கு அப்பாற்பட்டவை. 50,000 டாலர் மதிப்புள்ள குவளைச் சரக்கு பண்டிகைப் பொருளாக ஏற்கப்பட்டால் இறக்குமதியாளருக்கு 5,000 டாலர் மிச்சம். ஏற்கப்படாவிட்டால் அது செலவு.

அமெரிக்கச் சுங்கத்துறை முன்பு இத்தலைப்பை அலங்காரங்களுக்கு மட்டும் உரியதாகக் கொண்டிருந்தது. குடிக்கவோ பரிமாறவோ பயன்படும் பொருளில் பண்டிகைச் சின்னம் இருந்தாலும் அதை மூலப்பொருளின்படியே வகைப்படுத்தியது. மிட்வெஸ்ட் ஆஃப் கேனன் ஃபால்ஸ் என்னும் அலங்காரப் பொருள் இறக்குமதி நிறுவனம் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது. கண், மூக்கு, வாய் வெட்டிய பரங்கிக்காய் வடிவில் ஹாலோவீன் நாளுக்கெனச் செய்த குவளைகளும் கூசாவும் இவ்வழக்கின் சரக்குகளில் இருந்தன.

கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. தலைப்பின் சொற்களில் பயன்பாட்டுப் பொருட்களை விலக்கும் எதுவும் இல்லை என்றும், விளக்கக் குறிப்புகளில் சொல்லப்பட்டவை எடுத்துக்காட்டுகளே அன்றி முழுப்பட்டியல் அல்ல என்றும் அது கூறியது. ஒரு பொருள் பண்டிகைப் பொருளாக வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் போதும்: ஒரு பண்டிகையோடு நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும், முதன்மையாக அப்பண்டிகைக் காலத்திலேயே பயன்படுத்தவோ காட்சிக்கு வைக்கவோ பட வேண்டும்.

அடுத்த கேள்வி, 'நெருங்கிய தொடர்பு' எதனால் உண்டாகிறது என்பது. பார்க் பி. சுமித் நிறுவனத்தின் வழக்கில் மேசைத் தட்டுவிரிப்பு, கைத்துடைப்பான், மேசை ஓடுவிரிப்பு, சிறு கம்பளம் ஆகியவை ஆராயப்பட்டன. 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, ஒரு பண்டிகையைத் தெளிவாகக் காட்டும் சின்னத்தைத் தாங்கியவை பண்டிகைப் பொருட்களாகலாம். வண்ணத்தாலோ விற்பனைப் பெயராலோ மட்டும் பண்டிகையை நினைவூட்டுபவை ஆகா. சிவப்பும் பச்சையும் கலந்த விரிப்பை டிசம்பரில் விற்பதனால் மட்டும் அது கிறிஸ்துமஸ் பொருள் ஆகிவிடாது.

மைக்கேல் சைமன் டிசைன் வழக்கில் இவ்வாதம் வீட்டு அலங்காரத்தைத் தாண்டி ஆடைக்கும் சென்றது. கிறிஸ்துமஸ், ஹாலோவீன் உருவங்கள் கொண்ட பின்னலாடைகளும் 9505இல் வரலாம் என்று 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது.

2007 திருத்தமும் அதன் பின்னும்

அத்தீர்ப்பு வந்தபோது சட்டத்தின் சொற்களே மாறியிருந்தன. எச்.எஸ். முறையின் 2007 பதிப்பு 95ஆம் அத்தியாயத்தில் ஒரு விலக்குக் குறிப்பைச் சேர்த்தது. உணவு மேசைப் பொருட்கள், சமையலறைப் பொருட்கள், கம்பளங்கள், ஆடைகள், படுக்கை மற்றும் மேசைத் துணிகள் போன்று பயன்பாடு உள்ளவை 9505இல் வரா. அவை மூலப்பொருளின்படியே வகைப்படுத்தப்படும் என்பது அதன் சாரம். அமெரிக்கா 2007 பிப்ரவரி 3 முதல் இதை நடைமுறைப்படுத்தியது. மைக்கேல் சைமன் தீர்ப்பு அதற்கு முன் வந்த சரக்குகளுக்கே பயன்பட்டது. அலங்காரம் என்ற எல்லையை நீதிமன்றம் விரித்தது, உலகச் சட்டவாசகம் அதை மீண்டும் சுருக்கியது.

ஏற்கெனவே கிடைத்துவந்த சலுகை முற்றிலும் போய்விடாதபடி, அமெரிக்கா தன் அட்டவணையின் 98ஆம் அத்தியாயத்தில் இரண்டு தனிப் பிரிவுகளைச் சேர்த்தது. அவை அமெரிக்காவுக்கு மட்டும் உரியவை:

- 9817.95.01: சமய அல்லது பண்பாட்டுப் பண்டிகைகளில், குறிப்பிட்ட சடங்கைச் செய்ய வீட்டில் பயன்படும் பொருட்கள். யூதர்களின் செடர் தட்டும் மெனோரா விளக்கும் இதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன.
- 9817.95.05: அமெரிக்காவின் ஒரு விடுமுறைப் பண்டிகையோடு தெளிவாகத் தொடர்புடைய சின்னத்தின் முப்பரிமாண வடிவில் அமைந்த பயன்பாட்டுப் பொருட்கள்.

இதன் விளைவு, இன்று பரங்கிக்காய் வடிவிலேயே வனைந்த குவளை தீர்வையின்றி வரலாம். சாதாரண உருளைக் குவளையின் மேல் அதே பரங்கிக்காயை அச்சிட்டால் அது குவளையாகவே தீர்வை செலுத்தும். வடிவமைப்பாளர் மேசையில் எடுக்கும் முடிவு சுங்கச் செலவையும் முடிவு செய்துவிடுகிறது.

சடங்குக்கான பிரிவின் எல்லை 2018இல் டபிள்யூ.டபிள்யூ.ஆர்.டி. வழக்கில் தெளிவானது. நன்றியறிதல் நாள், கிறிஸ்துமஸ் ஆகியவற்றின் விருந்துக்குரிய அலங்காரத் தட்டுகள், குவளைகள், படிகக் கண்ணாடிப் பாத்திரங்கள் ஆகியவற்றுக்கு அந்நிறுவனம் 9817.95.01 சலுகையைக் கோரியது. பண்டிகை நாளில் விருந்து உண்பது குறிப்பிட்ட சடங்கைச் செய்வது ஆகாது என்று கூறி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்தது.

கலைப்படைப்பும் தொல்பொருளும்

97ஆம் அத்தியாயம் கலைப்படைப்புகளுக்கு உரியது. கையால் தீட்டிய ஓவியங்கள் 9701, மூலச் சிற்பங்கள் 9703, நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருட்கள் 9706. ஓவியர் வடிவமைத்தது என்ற காரணத்தால் ஓர் அலங்காரச் சிலை இங்கு வந்துவிடாது. பெருமளவில் படியெடுக்கப்பட்டவையும் வணிக நோக்கிலான வழக்கமான கைவினைப் பொருட்களும், கலைஞரே உருவாக்கியிருந்தாலும், 9703இல் அடங்கா என்று அத்தியாயக் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. நூறாண்டு பழைய பாணியில் இன்று செய்த பித்தளைச் சிலை 8306இலேயே நிற்கும்.

இந்தியாவில் நடைமுறை

இந்தியாவின் சுங்கத் தீர்வைச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. அதன் முதல் அட்டவணை 1986 முதல் எச்.எஸ். முறையைத் தழுவி அமைந்துள்ளது. 95ஆம் அத்தியாயத்தின் பயன்பாட்டுப் பொருள் விலக்கு இந்திய அட்டவணையிலும் உண்டு. அமெரிக்காவின் 9817.95 போன்ற தனிச் சலுகைப் பிரிவு இங்கு இல்லை.

இறக்குமதியாகும் அலங்காரப் பொருளின்மேல் அடிப்படைச் சுங்கத் தீர்வை, சமூக நலக் கூடுதல் தீர்வை, ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவை பொதுவாக விதிக்கப்படுகின்றன. வரி, சரக்கின் மதிப்போடு தீர்வைகளையும் சேர்த்த தொகையின்மீது கணக்கிடப்படுவதால், எண்ணில் ஏற்படும் பிழை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகும். விகிதங்கள் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலும் அறிவிக்கைகளிலும் மாறக்கூடியவை. சரக்கு வரும் நாளில் நடப்பில் உள்ளதையே பார்க்க வேண்டும்.

2011 முதல் இந்தியாவில் தன்மதிப்பீட்டு முறை நடைமுறையில் உள்ளது. இறக்குமதியாளரே பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் இறக்குமதிப் பட்டியலில் எண்ணையும் தீர்வையையும் குறிப்பிட வேண்டும். சுங்க முகவர் வழியாகத் தாக்கல் செய்தாலும், செலுத்த வேண்டிய தீர்வைக்கு இறக்குமதியாளரே பொறுப்பு. அதிகாரி பின்னர் சரிபார்த்து மறுமதிப்பீடு செய்யலாம். சரக்கு விற்றுத் தீர்ந்த பிறகும் குறை தீர்வைக்கான அறிவிப்பு வரலாம். சுங்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி இதற்குரிய காலம் பொதுவாக இரண்டு ஆண்டுகள். வேண்டுமென்றே தவறான தகவல் தந்ததாகவோ மறைத்ததாகவோ கண்டால் ஐந்து ஆண்டுகள். அத்தகைய நிலையில் வட்டியோடு தண்டமும் சேரும். பழைய விலையில் விற்றுவிட்ட பொருளுக்குப் புதிய தீர்வையை வாங்குபவரிடம் வசூலிக்க வழியில்லை என்பதால், சிறு வணிகரைக் கூடுதலாகப் பாதிப்பது இதுவே.

இறக்குமதியாளர் குறிப்பிட்ட எண் தவறு என்று துறை கருதினால், வேறு எண்ணே சரி என்று நிறுவும் பொறுப்பு துறையைச் சார்ந்தது. உச்ச நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் உறுதிப்படுத்தியுள்ளது. 2006ஆம் ஆண்டின் எச்.பி.எல். கெமிக்கல்ஸ் தீர்ப்பு அவற்றில் ஒன்று. கருத்து வேறுபாடு உள்ளபோது சரக்கைத் தற்காலிக மதிப்பீட்டில் விடுவிக்கவும் 18ஆம் பிரிவு இடம் தருகிறது. மேல்முறையீடு சுங்க ஆணையர் (மேல்முறையீடு), அடுத்துத் தீர்ப்பாயம் என்று செல்லும். அத்தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. தீர்வை விகிதம் பற்றிய கேள்வியாக இருந்தால், அங்கிருந்து நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம்.

முன்கூட்டிய தீர்ப்பு

சரக்கு வருவதற்கு முன்பே எண்ணை உறுதி செய்துகொள்ளும் வழி பல நாடுகளில் உண்டு. இந்தியாவில் இதற்கான சுங்க முன்தீர்ப்பு ஆணையங்கள் 2021 முதல் புதுதில்லியிலும் மும்பையிலும் இயங்குகின்றன. அவற்றின் தீர்ப்பு விண்ணப்பதாரரையும் அவர் தொடர்பில் சுங்க அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும். சட்டமோ உண்மை நிலையோ மாறாதவரை அது குறிப்பிட்ட காலத்துக்குச் செல்லும். அமெரிக்கச் சுங்கத்துறை தான் வழங்கிய தீர்ப்புகளை இணையத்தில் தேடிப் படிக்கும்படி வெளியிட்டுள்ளது. பிற நாட்டுத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் முதல் ஆறு இலக்கங்கள் பொது என்பதால், ஒரே வகைப் பொருளை இன்னொரு நாடு எப்படிப் பார்த்தது என்று அறிய அது உதவும்.

விண்ணப்பமானாலும் இறக்குமதிப் பட்டியலானாலும், சரியான வகைப்பாட்டுக்குப் பின்வரும் விவரங்கள் தேவைப்படுகின்றன:

- ஒவ்வொரு பகுதியின் மூலப்பொருளும், கலவையானால் அதன் விகிதமும்
- செய்முறை: வார்ப்பு, செதுக்கல், ஒட்டுதல், கட்டுதல், கைவேலை
- அளவு, எடை, பல கோணப் படங்கள்
- நீர், உணவு, ஒளி, நேரம் என ஏதேனும் பயன்பாடு உண்டா என்பது
- பண்டிகைச் சின்னம் உண்டா, அது வடிவமாக உள்ளதா, மேற்பரப்பில் அச்சாக உள்ளதா என்பது
- தொகுப்பாக விற்கப்பட்டால் அதில் உள்ள ஒவ்வொரு பொருளும்

கொள்முதல் ஒப்பந்தத்திலேயே இவ்விவரங்களை விற்பனையாளரிடம் கேட்டு விலைச்சிட்டையில் எழுதச் செய்வது வழக்கமாகி வருகிறது. 'அலங்காரப் பொருள், 500 எண்ணிக்கை' என்ற வரிக்குப் பதிலாக 'சுட்ட மண்ணாலான யானைச் சிலை, மெருகு பூசியது, பயன்பாடு அற்றது, 500 எண்ணிக்கை' என்று இருந்தால், அந்த ஒரு வரியிலேயே 6913க்கான காரணமும் அடங்கிவிடும்.